என்லார்ஜ்மென்ட்: பெரிதாக்கமா, பெருக்கமா?

ஒளியும் நிழலும் தலைகீழாகப் பதிந்த பிலிம் நெகட்டிவில் உள்ள சிறிய உருவத்தை லென்ஸின் வழியே ஒளிபாய்ச்சிப் பெரிய தாளில் விழச்செய்து அச்செடுக்கும் முறையையும், அவ்வாறு எடுத்த படத்தையும் என்லார்ஜ்மென்ட் என்னும் ஒரே சொல்லால் குறிக்கிறோம். அதற்கான கருவி என்லார்ஜர். பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த இச்சொல்லின் வேர் ‘லார்குஸ்’ என்னும் இலத்தீன் சொல். பெரியது என்பதைவிட நிறைந்தது, தாராளமானது என்பதே அதன் பழம்பொருள்.

‘நெகட்டிவ்’ என்னும் பெயரை ஆங்கில அறிவியலாளர் ஜான் ஹெர்ஷல் 1840-இல் வழங்கிய நாள்களில், நெகட்டிவைத் தாளோடு ஒட்டவைத்து வெயில் காட்டியே அச்செடுத்தார்கள். ஆகவே பெரிய படம் வேண்டியவர் அதே அளவு பெரிய கேமராவைச் சுமக்க வேண்டியிருந்தது. அமெரிக்கரான டேவிட் உட்வர்ட் 1857-இல் காப்புரிமை பெற்ற சூரிய கேமரா, வெயிலையே விளக்காகக் கொண்டு உருவத்தைப் பெரிதாக விழச்செய்தது. 1925-இல் விற்பனைக்கு வந்த லைக்கா கேமராவின் நெகட்டிவ் 24×36 மி.மீ. மட்டுமே என்பதால், அதன்பின் என்லார்ஜர் இன்றியமையாததாயிற்று.

தமிழில் இதற்குப் பெரிதாக்கம், உருப்பெருக்கம் என்னும் இரண்டும் வழங்குகின்றன. முன்னது எனக்கு உடன்பாடன்று. ‘சின்ன விஷயத்தைப் பெரிதாக்காதே’ என்னும்போது, இல்லாததைச் சேர்த்துச் சொல்லும் மிகைப்படுத்தல் அச்சொல்லில் ஏறிவிடுகிறது. என்லார்ஜரோ நெகட்டிவில் பதியாத ஒரு நுணுக்கத்தையும் சேர்ப்பதில்லை. ‘பெருகு’ என்னும் தன்வினையின் பிறவினையான ‘பெருக்கு’, ஆற்றுப் பெருக்கில் நிறைவையும் கணக்கில் மடங்கையும் ஒருங்கே உணர்த்துவதால், இலத்தீன் வேருக்கும் அச்செடுக்கும் இருட்டறையின் வேலைக்கும் ஒருசேரப் பொருந்துகிறது. 24 மி.மீ. பக்கம் 8 அங்குலமாகும்போது நீளம் ஏறத்தாழ எட்டரை மடங்கும், பரப்பு எழுபது மடங்குக்கு மேலும் பெருகுகின்றன. அதே ஒளி அகன்ற பரப்பில் பரவுவதால் மங்குகிறது. ஒளிகாட்டும் நேரத்தை நீட்டவேண்டும். குறைகளும் அதே கணக்கில் பெருகும் என்பதே கூர்மையான பெரிய படம் அரிதாவதற்குக் காரணம். படமெடுக்கையில் கை நடுங்கிய சிறு அசைவும், விளக்கின் சூட்டில் நெகட்டிவ் வளைந்து நகர்ந்த ஃபோகஸும் தாளில் அப்பட்டமாகத் தெரிந்துவிடும். அதனால்தான் நெகட்டிவ், லென்ஸ், தாள் மூன்றும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்கின்றனவா என்று பார்த்து, உருவத்தின் விளிம்பை நம்பாமல் பிலிமில் உருவத்தை ஆக்கும் நுண்துகள்களான கிரெயினையே பூதக்கண்ணாடி வைத்த கருவியில் நோக்கி ஃபோகஸ் செய்து, லென்ஸின் துளையை இரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்பது ஒளியைப் பாதியாக்கும் ஒரு படி) குறுக்கி அச்செடுக்கிறார்கள்.

உருப்பெருக்கி என்பது பூதக்கண்ணாடிக்கு வழங்கிவிட்டதால், என்லார்ஜரைப் படப்பெருக்கி என்றும், செயலைப் படப்பெருக்கம் என்றும் சொல்வது தெளிவு. கையில் கிடைக்கும் அச்சுக்குப் பெருக்குபடம் என்னும் வினைத்தொகையைப் பரிந்துரைக்கிறேன். சுடப்பட்ட மண் சுடுமண் ஆவதுபோல், பெருக்கப்பட்ட படம் பெருக்குபடம்.