குலுக்கலில் தோற்றவர்களிடம் இருக்கும் விடை

பொதுப்பணத்தில் இயங்கும் தொழில்நுட்ப ஆய்வு நிறுவனங்களால் விளையும் பயனை எப்படி அளக்கிறார்கள் என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். ஜெர்மனியின் பிரான்ஹோஃபர், நெதர்லாந்தின் டிஎன்ஓ போன்ற இந்நிறுவனங்கள் பல்கலைக்கழகத்துக்கும் தொழிற்சாலைக்கும் நடுவே நின்று, அறிவியலைப் பயன்படும் பொருளாக்கித் தருபவை. அவற்றின் ஆண்டறிக்கைகளில் காப்புரிமைகளும் ஆய்வுக் கட்டுரைகளும் ஒப்பந்த வருவாயும் வரிசையாக இருக்கும். ஆனால் அந்த நிறுவனமே இல்லாதிருந்தால் என்ன நடந்திருக்கும் என்பது தெரியாதவரை, அவற்றை வைத்துப் பயனைக் கணக்கிட முடியாது.

ஆய்வு நிறுவனத்தை நாடிய தொழில்களையும் நாடாத தொழில்களையும் ஒப்பிட்டால் போதாதா? போதாது. ஆய்வாளரைத் தேடிச் செல்லும் முதலாளி பெரும்பாலும் முன்பே துடிப்பானவர். அவருடைய வளர்ச்சியில் ஆய்வின் பங்கு எவ்வளவு, அவருடைய முனைப்பின் பங்கு எவ்வளவு என்று பிரித்தறிய வழியில்லை.

இந்த முடிச்சை நெதர்லாந்து அரசு 2004இல் அவிழ்த்த விதம் என்னை இன்றும் வியக்கவைக்கிறது. பொது ஆய்வு நிறுவனங்களிடம் தங்கள் தொழில்நுட்பச் சிக்கலுக்குத் தீர்வு கேட்பதற்காகச் சிறு, நடுத்தரத் தொழில்களுக்கு தலா 7,500 யூரோ வரை மதிப்புள்ள 100 சீட்டுகளை அது அறிவித்தது. 1,044 தொழில்கள் விண்ணப்பிக்கவே, சீட்டுகள் குலுக்கல் முறையில் வழங்கப்பட்டன. வென்றவர்களும் தோற்றவர்களும் ஒரே ஆர்வத்தோடு கைநீட்டியவர்கள். அவர்களைப் பிரித்தது தற்செயல் ஒன்றே. ஆகவே தோற்றவர்கள் அதன்பின் செய்தவற்றைப் பார்த்தாலே, சீட்டு கிடைக்காதிருந்தால் வென்றவர்கள் என்ன செய்திருப்பார்கள் என்பது தெரிந்துவிடும். தோற்றவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவர் சொந்தப் பணத்திலேயே ஆய்வுப் பணியை ஒப்படைத்தனர். வென்றவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பேர் ஒப்படைத்தனர். கழித்தால் எட்டு மிஞ்சுகிறது: பத்துச் சீட்டுகளில் எட்டு, இல்லையேல் நடந்திராத ஆய்வுப் பணிகளைத் தோற்றுவித்திருக்கின்றன. ஒரு கழித்தல் கணக்கு இவ்வளவு சொல்வதற்கு அந்த நேர்மையான குலுக்கலே காரணம். நிதி எல்லோருக்கும் போதாத இடங்களில், தகுதி பெற்ற விண்ணப்பங்களில் ஒரு பகுதியையாவது அரசுகள் குலுக்கலுக்கு விட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இந்த முறை காண்பது சில ஆண்டுகளின் விளைவை மட்டுமே. ஆஸ்திரேலியாவின் தேசிய அறிவியல் ஆய்வு நிறுவனமான சிஎஸ்ஐஆர்ஓ, கம்பியில்லா இணைய இணைப்பில் பயன்படும் ஒரு நுட்பத்துக்கு 1996இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்று, பின்னர் 43 கோடி ஆஸ்திரேலிய டாலருக்கு மேல் ஈட்டியது. சிதறிவரும் வானொலிச் சமிக்ஞைகளிலிருந்து தகவலைப் பிரித்தெடுக்கும் அதன் திறமை, விண்பொருள்களிலிருந்து வரும் வானொலி அலைகளை ஆராயும் ரேடியோ வானியலில் வளர்ந்தது. 1980களில் ஒரு மதிப்பீட்டாளர் அந்த வானியல் பிரிவின் தொழிற்பயனைக் கணக்கிட்டிருந்தால், இந்த வருவாய்க்கு அவருடைய ஏட்டில் ஒரு வரிகூட இருந்திராது. ஆண்டுதோறும் பயனைக் காட்டச் சொல்லி ஆய்வகங்களை நெருக்குவதை நான் எதிர்ப்பது இதனால்தான்.

கசிவு இன்னும் நுட்பமான சிக்கல். ஆய்வகத்தில் பிறந்த உத்தி, வேலை மாறும் பொறியாளர் வழியாகவும் போட்டியாளரின் பொருளைப் பிரித்துப் பார்ப்பவர் வழியாகவும் உதவி பெறாத தொழில்களுக்கும் போய்ச்சேரும். அப்போது அவையும் முன்னேற, இரு குழுக்களுக்கும் இடையிலான வேறுபாடு சுருங்கும். அறிவை நன்றாகப் பரப்பிய நிறுவனம் கணக்கில் பயன் குறைந்ததாகத் தோன்றும். அதனால்தான் கவனமான மதிப்பீட்டாளர்கள், அந்த உத்தி எட்டியிராத தொலைவிலும் துறையிலும் உள்ள தொழில்களை மூன்றாவது குழுவாகச் சேர்த்து, மற்ற இரண்டையும் அதனோடு ஒப்பிடுகிறார்கள்.