நாலு மாதத்துக்கும் இரண்டு வயதுக்கும் நடுவே

பேறுகால விடுப்பு 26 வாரம் என்பது திருப்பூரில் இன்று பல பெண்களுக்குத் தெரியும். அது முடிந்த மறுநாள் குழந்தையை யார் பார்த்துக்கொள்வது? வேலை போவது அங்கேதான். பிரசவத்துக்கு முன்பே எட்டு வாரம் எடுத்துவிட்டால், திரும்பி வரும்போது குழந்தைக்கு நாலு மாதம்தான் ஆகியிருக்கும். அங்கன்வாடியில் சேர்க்க இரண்டு வயதாவது ஆக வேண்டும். கூடவே அம்மாவோ மாமியாரோ இல்லாதவர் கணக்கு முடித்துக்கொண்டு போய்விடுகிறார்.

கம்பெனிகளுக்குத் தொழிலாளர் சட்ட ஆலோசனை சொல்வது என் வேலை. ஆடிட்டின்போது கம்பெனியின் குழந்தைகள் காப்பகத்தைத் திறந்து காட்டுவார்கள். சுவரில் கார்ட்டூன் படம், பிளாஸ்டிக் உறை பிரிக்காத பொம்மைகள், மூலையில் அடுக்கிய அட்டைப்பெட்டிகள். குழந்தைகள் பதிவேட்டில் மட்டும் இருப்பார்கள். "யாரும் கொண்டு வர்றதில்லீங்க" என்பார் மேனேஜர். பொய் சொல்லவில்லை அவர். விடிந்ததும் கம்பெனி பஸ்ஸில் நின்றுகொண்டே வருகிறவர் கைக்குழந்தையை எப்படித் தூக்கி வருவார்? ஒன்றரை ஷிப்ட் ஓடும் நாளில் ராத்திரி எட்டரை வரை ஆயா இருப்பாரா? நாளுக்கு நாலு முறை காப்பகத்துக்குப் போய்வரச் சட்டம் அனுமதிக்கிறது. ஆனால் பீஸ் ரேட்டில் தைப்பவருக்கு எழுந்து போகும் ஒவ்வொரு முறையும் கூலி குறையும். லைனில் பண்டல் தேங்கினால் சூப்பர்வைசர் பேச்சு வேறு.

காப்பகம் ஏன் வைக்கவில்லை என்று கேட்டால், "எங்ககிட்ட அம்பது லேடீஸ் இல்லையே" என்று முதலாளிகள் சொல்வதுண்டு. காப்பகம் கட்டாயமாவதற்குப் பேறுகாலப் பயன் சட்டத்தின் 2017 திருத்தம் சொன்னது ஆண், பெண் சேர்த்து 50 பேர். 2020 சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அப்படித்தான். ஆளுக்கொரு காப்பகம் கட்ட வேண்டும் என்றும் இல்லை. பக்கத்துப் பக்கத்து கம்பெனிகள் செலவைப் பகிர்ந்து ஒன்றாக நடத்தலாம். சந்துக்குச் சந்து யூனிட் இருக்கும் திருப்பூருக்கு இதுதான் ஒத்துவரும். பெண்கள் குடியிருக்கும் லைன் வீடுகளுக்குப் பக்கத்தில் வைத்தால் பஸ் பிரச்சினையும் தீரும்.

கணக்கு முடிப்பவர்கள் கவனிக்காத நஷ்டம் ஒன்று உண்டு. நிரந்தர வேலையில் கிராஜுவிட்டி என்ற பணிக்கொடைக்கு ஐந்து வருஷத் தொடர் சர்வீஸ் வேண்டும். பேறுகால விடுப்பு அதில் சேரும். வேலையை விட்டு வீட்டிலிருந்த காலம் சேராது. நாலாவது வருஷம் நின்றுவிட்டு, பிள்ளை நடக்க ஆரம்பித்தபின் அதே கம்பெனிக்கு வந்தாலும் புது ஆள்தான். பி.எஃப். பணமும் அதற்குள் கரைந்திருக்கும்.

ராஜினாமா எழுதும் முன் காப்பக வசதி கேட்டு ஹெச்.ஆருக்கு ஒரு கடிதம் கொடுங்கள். இதே நிலையில் இருக்கும் இரண்டு மூன்று பேர் சேர்ந்து கொடுத்தால் நல்லது. நகலில் தேதியோடு கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.