பேர்ஸுக்குள் நாலு காட்

கச்சான் காற்று அடிக்கும் ஆடி மாதம், மத்தியானம் ஒன்றரை மணி. திருகோணமலையில் அந்த நேரம் கோட்டைப் பக்கத்து மான்கள்கூட நிழலுக்குள் ஒதுங்கியிருக்கும். உவர்மலையில் இருந்து வரும் டீச்சர் ஒருவர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாமலே எங்கள் பாமசிக் கவுண்டரில் கையை ஊன்றி, “தம்பி, அந்தத் தலையிடிக் குளிசையில பத்து தாங்க” என்றார். டொக்டர் எழுதிய மருந்துத் துண்டைக் கேட்டேன். கொடுத்தார். எட்டு மாதம் பழையது. நாலாக மடித்து மடித்து, மடிப்புகள் சேரும் நடுவில் ஓட்டை விழுந்திருந்தது. டொக்டர் எழுதிய அளவு அந்த ஓட்டையோடு போய்விட்டது.

“வேற என்ன எடுக்கிறீங்க, டீச்சர்?”

பேர்ஸைத் திறந்து கவுண்டரில் கவிழ்த்தார். பஸ் டிக்கட், ஒரு தைல டப்பா, அதோடு நாலு குளிசைக் காட். பனடோல், டைக்குளோபெனாக், எர்கொட்டமினும் கபீனும் கலந்த ஒற்றைத் தலையிடிக் குளிசை, கடைசியாகப் பக்கத்து வகுப்பு டீச்சர் ‘எனக்கு நல்லாக் கேட்குது’ என்று கொடுத்த இன்னொரு ஒற்றைத் தலையிடிக் குளிசை, சுமாட்ரிப்டான். முதல் ஒன்றைப் போடுவது, அது கேட்காவிட்டால் அடுத்தது. இதுதான் அவருடைய முறை.

சுவர்க் கலண்டரைக் காட்டி, போன மாதம் எத்தனை நாள் இதில் ஏதாவது ஒன்றைப் போட்டார் என்று கேட்டேன். விரல்விட்டு எண்ணத் தொடங்கியவர் பதினேழில் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

பனடோல், டைக்குளோபெனாக் போன்றவற்றைத் தனியாக மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ போட்டாலும், எர்கொட்டமின், சுமாட்ரிப்டான் வகைகளை 10 நாளோ அதற்கு மேலோ போட்டாலும், அது மூன்று மாதத்துக்கு மேல் நீளும்போது மருந்தே தலையிடியைக் கொண்டுவரத் தொடங்கும். இப்படிக் கலந்து போடுகிறவர்களுக்கும் எல்லை 10 நாள்தான். காலையில் எழும்பும்போதே தலை இடிக்கும், குளிசை போட்டால் அடங்கும், மறுநாள் காலை திரும்பவும் வரும். வருத்தம் கூடிவிட்டது என்று நினைத்து இன்னொன்று போடுவார்கள். ‘நான் ஒருநாளும் ஒன்றுக்கு மேல போடுறதில்ல’ என்று பெருமையாகச் சொல்கிறவர்களும் இதில் மாட்டுகிறார்கள். இங்கே எண்ண வேண்டியது நாட்களை.

இதைச் சொன்னதும் சிலர் மறுபக்கம் சாய்ந்துவிடுவார்கள். ‘தாங்க முடியாமல் போனால் மட்டும் போடுவம்’ என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பார்கள். அதுவும் பிழை. ஒற்றைத் தலையிடி கிளம்பினால் இரைப்பையும் மந்தமாகிவிடும். ஓங்காளம் முற்றி, சத்தி எடுக்கும் கட்டத்தில் விழுங்கிய குளிசை வயிற்றிலேயே கிடக்கும், இரத்தத்தில் சேராது. அப்புறம் ‘இது கேட்கேல்ல’ என்று இரண்டாவது காட்டைப் பிரிப்பது. வலி தொடங்கியதுமே டொக்டர் எழுதிய முழு அளவைப் போடுங்கள், ஆனால் மாதத்தில் சில நாட்களுக்கு மட்டும். டொக்டர் சத்திக்குத் தனியாகக் குளிசை எழுதியிருந்தால் அதையும் விட்டுவிடாதீர்கள்.

சுமாட்ரிப்டானுக்கு இன்னொரு விதி இருக்கிறது. முதல் குளிசையில் வலி குறைந்து, பிறகு திரும்பி வந்தால்தான் இரண்டாவது. அதுவும் குறைந்தது 2 மணி நேரம் கழித்து. முதலாவதே கேட்கவில்லை என்றால் அந்தத் தலையிடிக்கு இன்னொன்று போடக்கூடாது. இது இரத்தக் குழாய்களைச் சுருக்கும் மருந்து. இருதய வருத்தம் உள்ளவர்கள், பாரிசவாதம் வந்தவர்கள், பிரஷர் கட்டுப்பாட்டில் இல்லாதவர்கள் தொடவே கூடாது. நம்ம டீச்சருக்கு பிரஷர் இருக்கிறது. அந்தக் குளிசையைத்தான் அவர் ஒழுங்காகப் போடுவதில்லை! பக்கத்து வகுப்பு டீச்சருக்கு நல்லாக் கேட்டது என்பதை நான் நம்புகிறேன். ஆனால் அவருடைய இருதயம் வேறு, இவருடையது வேறு.

எர்கொட்டமினும் குழாய்களைச் சுருக்குவதுதான். இரண்டுக்கும் நடுவில் ஒரு முழுநாள், 24 மணி நேரம், இடைவெளி வேண்டும். டீச்சர் ஒரே பின்னேரத்தில் இரண்டையும் போட்டிருக்கிறார்.

எனக்கு மிகவும் பயம் தருவது எர்கொட்டமின்தான். தலையிடிக்கு ஓரிடத்தில் துண்டு வாங்குவார்கள், தொண்டை நோவுக்கு வேறிடத்தில். அந்த இரண்டாவது துண்டில் கிளரித்ரோமைசின், எரித்ரோமைசின் போன்ற அன்டிபயோட்டிக் இருந்தால் உடம்பு எர்கொட்டமினை உடைத்து வெளியேற்ற முடியாமல் திணறும். மருந்து இரத்தத்தில் ஏறிக்கொண்டே போகும். விரல் குளிரும், விறைக்கும், நீலம் பாயும். கவனிக்காமல் விட்டால் விரலையே எடுக்க வேண்டி வரலாம். பழைய காலத்து ஐரோப்பாவில், ரை தானியத்தில் பிடித்த எர்கொட் பூஞ்சணத்தைப் பாணோடு சேர்த்துத் தின்ற ஊர்களில் சனத்தின் கைகால் கருகிப்போனது இதனால்தான். இந்த மருந்து வந்ததும் அதே பூஞ்சணத்தில் இருந்து. கர்ப்பிணிகளுக்கும் பால் கொடுக்கும் தாய்மாருக்கும் இது கூடாது.

தலையிடி வராமல் தடுக்கத் தினமும் போடும் குளிசைகள் தனிக் கதை. ஒன்றிரண்டை மட்டும் சொல்கிறேன். புரோப்பிரனலோல் முட்டு (ஆஸ்துமா) வருத்தக்காரருக்கு ஆகாது, மற்றவர்களும் அதைத் திடீரென்று நிறுத்தக் கூடாது. வல்புரோயேட், டொபிராமேட் இரண்டும் வயிற்றுப் பிள்ளையைப் பாதிக்கும். கலியாணம் முற்றான பிள்ளைகள் இதை டொக்டரிடம் வெட்கப்படாமல் சொல்ல வேண்டும். தலையிடிக்கு முன் கண்ணில் மின்னல் கோடு ஓடுகிற பெண்கள், குடும்பக் கட்டுப்பாட்டுக் குளிசை எடுத்தால் அதையும் கட்டாயம் சொல்லுங்கள். ஈஸ்ட்ரஜன் கலந்த வகை அவர்களுக்குப் பாரிசவாத அபாயத்தைக் கூட்டும்.

காய்ச்சலோடு வரும் தலையிடியை வழமையான தலையிடி என்று எடுக்காதீர்கள். 2017 இல் கிண்ணியாவை டெங்கு என்ன பாடுபடுத்தியது என்பதை நாங்கள் மறந்திருக்க மாட்டோம். டெங்குச் சந்தேகம் இருந்தால் டைக்குளோபெனாக், இபுப்ரோபன், அஸ்பிரின் எதுவும் வேண்டாம், இரத்தம் கசியும். அளவோடு பனடோல் மட்டும். வாழ்நாளில் வராத மாதிரி ஒரு நொடியில் வெடித்த தலையிடி, முகம் கோணுதல், பேச்சுக் குழறல், கழுத்து விறைப்பு என்றால் பாமசிக்கு வராதீர்கள், 1990 அம்புலன்ஸுக்கு எடுங்கள்.

டீச்சருக்கு அன்று நான் ஒரு குளிசையும் கொடுக்கவில்லை. கோபித்துக்கொண்டுதான் போனார். ஆனாலும் டொக்டரிடம் பேர்ஸை அப்படியே கொண்டுபோய்க் கவிழ்த்திருக்கிறார். நாலையும் நிறுத்திய முதல் வாரம் தலை பிளந்தது என்றார். அது எதிர்பார்த்ததுதான், மருந்தை விடும்போது சில நாள் கூடிவிட்டுத்தான் இறங்கும். அடுத்த மாதம் கண்ணாடி இல்லாமல் வந்து, பாடசாலைக் கலண்டரில் சிவப்புப் பேனையால் போட்ட புள்ளடிகளைக் காட்டினார். ஆறு.

புதுத் துண்டையும் நாலாக மடித்துத்தான் வைத்திருக்கிறார். இந்தத் தடவை அளவை நான் குளிசைக் கவரில் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தேன்.