மஞ்சப்பையைக் கொட்டிப் பார்த்தால் தெரியும்: முன்னாள் படைவீரர் மருத்துவமனையில் கிளினிக்கல் பார்மசிஸ்ட்டின் வேலை

பரங்கிமலையிலோ ஆவடியிலோ தாம்பரத்திலோ குடியிருக்கும் ஓய்வுபெற்ற படைவீரர் ஒருவரிடம் என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டால், "பிரஷருக்கு ஒண்ணு, சுகருக்கு ரெண்டு" என்பார். அவரிடமே "வீட்டுல இருக்கிற எல்லா மாத்திரையையும் ஒரு மஞ்சப்பையில போட்டு எடுத்துட்டு வாங்க ஐயா" என்று சொல்லிப் பாருங்கள். மறுநாள் மேசையில் பத்துப் பன்னிரண்டு அட்டைகள் கொட்டும். பாதி அட்டைகளில் மருந்தின் பெயர் அச்சிட்ட மூலை கிழிந்திருக்கும்.

இத்தனை அட்டைகள் சேர்ந்துவிடுவதற்கு அவர் மட்டும் காரணமில்லை. 2003 ஏப்ரலில் தொடங்கிய முன்னாள் படைவீரர் பங்களிப்பு சுகாதாரத் திட்டத்தில் மாதாந்தர மருந்து, திட்டத்தின் சொந்த மருத்துவ நிலையமான பாலிகிளினிக்கில் கிடைக்கிறது. பெரிய சிகிச்சை என்றால் திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள், அங்கிருந்து ஒரு டிஸ்சார்ஜ் சீட்டு வருகிறது. பாலிகிளினிக்கில் இருப்பு இல்லாததைத் தெருமுனை மெடிக்கலில் வாங்குகிறார். முட்டிவலிக்கு அதே கடையில் சீட்டில்லாமல் இன்னொன்று வாங்குகிறார். தனித்தனியாகப் பார்த்தால் பெரும்பாலும் எல்லாம் சரியான மருந்துதான். சிக்கல் இரண்டு மாத்திரைகளுக்கு நடுவில் இருக்கிறது. அந்த இடைவெளியைப் பார்ப்பதற்கென்றே ஒருவர் வேண்டும். அவர்தான் கிளினிக்கல் பார்மசிஸ்ட்.

மருந்துக் கவுன்ட்டரில் சீட்டைப் பார்த்து எடுத்துக் கொடுப்பவரும் பார்மசிஸ்ட்தான். இவர் வார்டில் இருப்பவர். கேஸ் ஷீட்டையும் ரத்தப் பரிசோதனை முடிவுகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு மருந்துப் பட்டியலைப் படிப்பவர். இதற்கென்று இந்தியாவில் 2008-இல் ஆறு ஆண்டு பார்ம்.டி. படிப்பு வந்தது: ஐந்து ஆண்டு பாடம், ஓராண்டு மருத்துவமனைப் பயிற்சி.

முதல் வேலை, நோயாளி சேர்ந்த 24 மணி நேரத்துக்குள் உண்மையான பட்டியலைத் தயாரிப்பது. "மாத்திரை ஒழுங்கா சாப்பிடுறீங்களா?" என்ற கேள்வியால் பயனில்லை, எல்லாரும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். ஒரு நாளின் ஓட்டத்தில் கேட்க வேண்டும். "காலையில எழுந்ததும் முதல்ல என்ன போடுவீங்க? காபிக்கு முன்னாலயா, பின்னாலயா? போன வாரம் எத்தனை நாள் விட்டுப்போச்சு?" அதன் பிறகு சொட்டு மருந்து, இன்ஹேலர், வலிக்குத் தடவும் ஜெல், லேகியம், சூரணம் எல்லாவற்றையும் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். அவற்றையெல்லாம் யாரும் மருந்தென்று கணக்கில் சேர்ப்பதில்லை.

இங்கே அடிக்கடி அகப்படுவது இரட்டிப்பு. பாலிகிளினிக் அட்டையில் டெல்மிசார்டன் 40 என்றிருக்கும், வெளிக்கடை அட்டையில் டெல்மா 40 என்றிருக்கும். இரண்டும் ஒரே ரத்தஅழுத்த மருந்து. பெயரும் நிறமும் வேறாக இருப்பதால் இரண்டையும் விழுங்குவார், எழுந்து நின்றால் தலைசுற்றும். கூட்டு மாத்திரைகளில் இது இன்னும் மறைவாக இருக்கும். பெயரின் கடைசியில் ஓர் எச் சேர்ந்திருந்தால் உள்ளே நீர்பிரியும் மருந்தும் இருக்கிறது என்று பொருள். அட்டையைத் திருப்பி, சிறிய எழுத்தில் உள்ள மூலப்பெயரைப் படித்தால்தான் தெரியும்.

பட்டியல் தயாரானதும் பார்மசிஸ்ட் தேடும் முதல் எண் கிரியாட்டினின், அதாவது சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய ஒரு கழிவுப்பொருள் ரத்தத்தில் எவ்வளவு இருக்கிறது என்பது. நிறைய மருந்துகள் சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேறுகின்றன. வடிகட்டும் திறன் பாதியானால், அதே அளவு மருந்து உடலில் தேங்கத் தொடங்கும். அந்தத் திறனைக் கணக்கிட 1976-இல் வந்த காக்கிராஃப்ட்–கால்ட் சூத்திரம் இன்றும் கையில் இருக்கிறது: 140-இலிருந்து வயதைக் கழித்து, எடையால் பெருக்கி, கிரியாட்டினினை 72-ஆல் பெருக்கி வரும் எண்ணால் வகுக்க வேண்டும். பெண் என்றால் விடையை 0.85-ஆல் பெருக்க வேண்டும்.

74 வயது, 58 கிலோ, கிரியாட்டினின் 1.4 என்று ஒருவரை எடுத்துக்கொள்வோம். 66 × 58 = 3828. 72 × 1.4 = 100.8. வகுத்தால் நிமிடத்துக்கு சுமார் 38 மில்லிலிட்டர். பரிசோதனைத் தாளில் 1.4 என்பது "கொஞ்சம்தான் கூட" என்று தோன்றும். இளமையில் 120 இருந்த இடத்தில் இப்போது 38 என்பதை அந்தத் தாள் சொல்லாது. 38 என்றால், கால் எரிச்சலுக்குத் தரும் பிரிகாபாலினை வழக்கமான உச்ச அளவில் பாதிக்கு, அதாவது நாளைக்கு 300 மில்லிகிராமுக்குள் நிறுத்த வேண்டும். இதை விட்டுவிட்டால் அவர் நாள் முழுக்கத் தூங்கி வழிவார், தடுமாறி விழுவார். வீட்டில் வயசாகிவிட்டது என்று நினைத்துக்கொள்வார்கள்.

படைவீரர்களிடம் இந்தக் கணக்கு தவறிப்போக ஒரு தனிக் காரணம் உண்டு. கிரியாட்டினின் தசையில் உருவாகும் பொருள். கண்ணிவெடியில் காலை இழந்தவருக்குத் தசை குறைவு. அதனால் சிறுநீரகம் கெட்டிருந்தாலும் கிரியாட்டினின் 0.9 என்று அழகாகக் காட்டும். செயற்கைக் காலோடு எடை பார்த்திருந்தால் எடையும் தப்பு, அந்தக் கால் மட்டுமே சில கிலோ இருக்கும். கழற்றிவிட்டு எடை பார்க்கச் சொல்ல வேண்டும். சந்தேகம் தீராவிட்டால், தசையை அதிகம் சாராத சிஸ்டாட்டின் சி பரிசோதனையைக் கேட்கலாம்.

அடுத்து, சென்னைக் கோடையில் சிறுநீரகத்தை அதிகம் பதம்பார்க்கும் கூட்டணி. ரத்தஅழுத்தத்துக்கு டெல்மிசார்டன் அல்லது எனலாப்ரில், கால் வீக்கத்துக்கு நீர்பிரியும் மாத்திரை, முட்டிவலிக்கு டைக்ளோபினாக் அல்லது அசிக்ளோபினாக். மூன்றும் சேர்ந்தால் என்ன ஆகிறது என்று பார்ப்போம். சிறுநீரகத்தின் ஒவ்வொரு சல்லடைக்கும் ரத்தம் உள்ளே வர ஒரு குழாய், வெளியே போக ஒரு குழாய். உடலில் நீர் குறையும்போது சல்லடையில் அழுத்தம் விழாமல் இருக்க இரண்டு ஏற்பாடுகள் உள்ளன. புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள் உள்வழியை விரித்து வைக்கிறது, ஆஞ்சியோடென்சின் வெளிவழியை இறுக்கிப் பிடிக்கிறது. நீர்பிரியும் மாத்திரை ரத்தத்தின் மொத்த அளவைக் குறைக்கிறது. டைக்ளோபினாக் புரோஸ்டாகிளாண்டினைத் தடுப்பதால் உள்வழி சுருங்குகிறது. டெல்மிசார்டன் ஆஞ்சியோடென்சினைத் தடுப்பதால் வெளிவழி தளர்ந்துபோகிறது. வரவு குறைந்து, பிடிப்பும் போய், சல்லடையில் அழுத்தம் இல்லாமல் வடிகட்டல் நின்றுவிடுகிறது.

இவற்றில் இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு பல ஆண்டுகள் ஓடிவிடும். மே மாத வெயிலில் வேர்த்து ஊற்றிய நாளில், அல்லது இரண்டு நாள் வயிற்றுப்போக்கில், மூன்றாவது வந்து சேரும். "ஒரு ஊசி போட்டா சரியாயிடும்" என்று பக்கத்து கிளினிக்கில் போட்டுக்கொண்ட வலி ஊசியாகவும் அது இருக்கலாம். ஆனால் வலிக்கு மாற்று சொல்லாமல் டைக்ளோபினாக்கை மட்டும் நிறுத்தச் சொன்னால் அவர் நிறுத்த மாட்டார். வலி உண்மையானது, சுமை தூக்கி மலையேறித் தேய்ந்த முட்டி அது. பாராசிட்டமால் நாளைக்கு 3 கிராமுக்கு மிகாமல், தடவும் ஜெல், பிசியோதெரபி என்று ஏதாவது கையில் கொடுத்துத்தான் அதை நிறுத்த வைக்க வேண்டும். கூடவே இன்னொரு குறிப்பு: வாந்தி, பேதி என்றால் டெல்மிசார்டன், நீர்மாத்திரை, சுகருக்கான மெட்பார்மின் மூன்றையும் தொடரலாமா என்று அன்றைக்கே மருத்துவரைக் கேட்க வேண்டும். நன்றாகச் சாப்பிட்டுத் தண்ணீர் குடிக்கத் தொடங்கி ஓரிரு நாளில் அவற்றை மறுபடி ஆரம்பிக்கவும் மறக்கக் கூடாது.

பீரங்கிப் படையிலும் டாங்கியிலும் இருந்தவர்களிடம் காதைப் பற்றிக் கேட்பது கட்டாயம். வெடிச்சத்தம் முதலில் கெடுப்பது உச்சஸ்தாயி ஒலிகளைக் கேட்கும் நுண்மயிர்ச் செல்களை. அமிக்காசின், ஜென்டாமைசின் ஆகிய ஆன்டிபயாட்டிக்குகளும் முதலில் கைவைப்பது அதே செல்களில்தான். ஒருமுறை போனால் அவை திரும்ப முளைப்பதில்லை. வேறு மருந்துக்குக் கட்டுப்படும் கிருமி என்று, கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் பரிசோதனை சொன்னால் மாற்றச் சொல்லலாம். மாற்ற வழியில்லை என்றால் நாட்களைக் குறைத்து, ரத்தத்தில் மருந்தின் அளவைப் பார்த்துக் கொடுக்கலாம். நீர்பிரியும் மருந்தான ஃபுரோசமைடை நரம்பில் வேகமாக ஏற்றுவதும் காதுக்கு ஆகாது. பெரிய டோஸ் என்றால் நிமிடத்துக்கு 4 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது.

ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் மாத்திரைக்குத் தனிக் கவனம் வேண்டும். நம் ஊரில் வார்ஃபரினும் உண்டு, அசிட்ரோம் என்று பலரும் அறிந்த அசினோகூமராலும் உண்டு. வேலை ஒன்றுதான், ஆனால் மில்லிகிராம் ஒன்றல்ல. அசினோகூமரால் 2 மில்லிகிராம், வார்ஃபரினில் ஏறக்குறைய 4 மில்லிகிராமுக்குச் சமம். ஒன்றின் சீட்டைக் காட்டி மற்றொன்றை அதே எண்ணில் வாங்கிவிட்டால் ரத்தக்கசிவோ ரத்தக்கட்டோ வரும்.

அளவைச் சரிபார்ப்பது ஐ.என்.ஆர். பரிசோதனை, ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்பதைக் காட்டும் எண் அது. இதயத்துடிப்புக் கோளாறுக்கு அது 2-க்கும் 3-க்கும் இடையில் இருக்க வேண்டும். 3.4 வந்தால் பதற வேண்டியதில்லை. வாரக் கணக்கில் யோசிக்க வேண்டும். தினம் 5 மில்லிகிராம் வார்ஃபரின் என்றால் வாரத்துக்கு 35. ஐந்திலிருந்து பத்து சதவீதம் வரை குறைத்தால் போதும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் அரை மாத்திரை என்றால் 32.5 ஆகிவிடும். புது மாத்திரை வாங்க வேண்டாம், குழப்பமும் இல்லை. கீரை சாப்பிடவே கூடாது என்று சொல்வதும் சரியல்ல. முருங்கைக்கீரையில் வைட்டமின் கே அதிகம்தான், அது மாத்திரையின் வேலையைக் குறைக்கும். ஆனால் வாரம் இரண்டு நாள் சாப்பிடுபவர் எப்போதும் அப்படியே சாப்பிட்டால் அளவை அதற்கேற்ப வைத்துக்கொள்ளலாம். திடீரென்று கூட்டுவதும் நிறுத்துவதும்தான் கெடுக்கிறது.

அதைவிடப் பெரிய ஆபத்து இடையில் வரும் குறுகிய கால மருந்து. வயிற்றுப்போக்குக்கு ஐந்து நாள் மெட்ரோனிடசோல், சிறுநீர்த் தொற்றுக்குக் கோட்ரைமாக்சசோல், தோலில் வரும் படர்தாமரைக்கு ஃபுளூகோனசோல் ஆகிய மூன்றும் வார்ஃபரினைச் சிதைக்கும் ஈரல் என்சைமைத் தடுப்பவை. ஐ.என்.ஆர். ஏறும். தொடங்கிய மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாளுக்குள் மறுபடி பார்க்க வேண்டும். காசநோய்க்கான ரிபாம்பிசின் இதற்கு நேரெதிர். அது என்சைமைப் பெருக்கிவிடும், வார்ஃபரின் இரண்டு மூன்று மடங்கு வரைகூடத் தேவைப்படும். காசநோயை வீட்டிலிருந்தபடியே குணப்படுத்தலாம் என்று 1959-இல் உலகுக்குக் காட்டியது இதே சென்னையில் நடந்த ஆய்வுதான். வீட்டில் வைத்தியம் என்றால் மற்ற மாத்திரைகளும் அதே வீட்டில்தான் இருக்கும். ஆறு மாதம் கழித்து ரிபாம்பிசினை நிறுத்தும் நாளைக் காலண்டரில் குறித்து வைக்க வேண்டும். அடுத்த இரண்டு மூன்று வாரங்களில் என்சைம் பழைய நிலைக்கு இறங்கும்போது, ஏற்றி வைத்த வார்ஃபரினைக் குறைக்காவிட்டால் ரத்தம் கசியும்.

இன்சுலினில் நடக்கும் தவறு வெறும் சிரிஞ்சின் மூடி நிறத்தில் இருக்கிறது. இந்தியாவில் ஒரு மில்லிலிட்டருக்கு 40 யூனிட் உள்ள குப்பியும் இருக்கிறது, 100 யூனிட் உள்ளதும் இருக்கிறது. 40-க்குச் சிவப்பு மூடி சிரிஞ்ச், 100-க்கு ஆரஞ்சு மூடி. 40 குப்பியை ஆரஞ்சு சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 8 யூனிட்தான், சர்க்கரை இறங்காது. 100 குப்பியைச் சிவப்பு சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தால் 50 யூனிட் போய்விடும். இரவில் போட்டால் விடிவதற்குள் உயிருக்கே ஆபத்து. குப்பியையும் சிரிஞ்சையும் ஒன்றாகக் கொண்டுவரச் சொல்லி, அவர் கையாலேயே இழுத்துக் காட்டச் சொல்வதைவிட நல்ல பரிசோதனை கிடையாது.

இன்னும் சில. புராஸ்டேட்டுக்கான டாம்சுலோசின் ரத்தக் குழாயையும் தளர்த்தும். பழைய பழக்கத்தில் விடியற்காலை சட்டென்று எழுந்து நடைக்குக் கிளம்புபவரைப் படுக்க வைத்தும், நின்ற பிறகு ஒன்றாம், மூன்றாம் நிமிடங்களிலும் அழுத்தம் பார்க்க வேண்டும். மேல் எண் 20 குறைந்தால் மருந்தைத் திருத்த வேண்டும். தைராக்சின் வெறும் வயிற்றில், ஃபில்டர் காபிக்கு அரை மணி நேரமாவது முன்னால், கால்சியம் மாத்திரைக்கு நான்கு மணி நேரம் தள்ளி. டெல்மிசார்டனோடு, பொட்டாசியத்தை உடலில் நிறுத்தி வைக்கும் நீர்மாத்திரையான ஸ்பைரோனோலாக்டோனும் சாப்பிடுபவர் வெயிலுக்குத் தினமும் இளநீர் குடித்தால் பொட்டாசியம் ஏறிக்கொண்டே போகும். இருமலுக்கு நாள்கணக்கில் மெல்லும் அதிமதுரம் அதற்கு மாறாகப் பொட்டாசியத்தை இறக்கி, ரத்தஅழுத்தத்தை ஏற்றும். கேன்டீன் ரம்மைப் பற்றிக் குற்றம் சாட்டும் குரலில் கேட்டால் பதில் வராது. "ராத்திரி எவ்வளவு ஐயா, சாப்பாட்டுக்கு முன்னாலயா?" என்று கேட்க வேண்டும். சுகர் மாத்திரையான கிளிமிபிரைடு போட்டுக்கொண்டு சாப்பிடாமல் குடித்தால் சர்க்கரை பாதாளத்துக்குப் போகும்.

வார்டில் மூக்குக்குழாய் வழியாக மருந்து தருபவர்களின் பட்டியலைத் தினமும் பார்க்க வேண்டும். மெதுவாகக் கரையும்படி செய்த மெட்டோபிரோலால், நிபெடிபின் ஆகிய ரத்தஅழுத்த மாத்திரைகளை இடித்துக் கரைத்தால் ஒரு நாளுக்கான மருந்து ஒரே மூச்சில் ரத்தத்தில் இறங்கும். பெயரின் பின்னால் எக்ஸ்.எல்., எஸ்.ஆர். என்றிருந்தால் இடிக்கக் கூடாது, சாதாரண வகைக்கு மாற்றி டோஸைப் பிரித்துத் தர வேண்டும்.

கண்டுபிடித்ததை மருத்துவரிடம் சொல்லும் முறையும் வேலையில் சேர்த்திதான். "இந்த மருந்து தப்பு" என்றால் கோபம்தான் வரும். எண், மருந்து, ஆபத்து, மாற்று என்ற வரிசையில் இரண்டு வரி போதும்: "வடிகட்டும் திறன் 38. பிரிகாபாலின் இப்போது நாளைக்கு 450. மயக்கம், விழும் ஆபத்து. 75 இருவேளையாகக் குறைக்கலாமா?" முடிவு மருத்துவருடையது. ஏற்றாலும் ஏற்காவிட்டாலும் கேஸ் ஷீட்டில் பதிவு இருக்க வேண்டும். மருந்தால் வந்த பாதிப்பு என்று சந்தேகித்தால் தேசிய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்துக்கு எழுத வேண்டும். நோயாளிகளே சொல்வதற்கும் 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண் இருக்கிறது.

வீட்டுக்குக் கிளம்பும் நாளில் தமிழில் ஒரு தாள், அதில் மூன்று பகுதி: தொடர வேண்டியவை, அளவு மாறியவை, நிறுத்தியவை. மூன்றாவதைத்தான் பெரிய எழுத்தில் எழுத வேண்டும், ஏனென்றால் நிறுத்திய மருந்தின் அட்டை இன்னும் வீட்டு அலமாரியில் இருக்கிறது. தாளைப் படித்துக் காட்டிய பிறகு, அவரையோ அவர் மனைவியையோ திருப்பிச் சொல்லச் சொல்ல வேண்டும். மூன்றாம் நாள் போனில் கூப்பிட்டு ஒரு கேள்வி: "அம்மா, அந்தப் பழைய அட்டை இப்ப எங்க இருக்கு?" டப்பாவிலேயே இருக்கிறது என்றால், போனை வைக்காமல் அதை எடுத்துத் தனியே வைக்கச் சொல்லி, அட்டையின் பின்னால் உள்ள பெயரை எழுத்துக் கூட்டிப் படிக்கக் கேட்டுக்கொள்ள வேண்டும்.