பீர் பாட்டிலை எங்கே வைக்கிறீர்கள்?

பீர் ஆலையில் தரம் பார்ப்பது என் வேலை. "நாறுகிறது", "பழைய சரக்கு" என்று புகார் வந்தால், திரும்பி வந்த பாட்டிலையும், அதோடு சேர்ந்து நிரப்பியதில் நாங்கள் குளிரறையில் எடுத்து வைத்த பாட்டிலையும் அடுத்தடுத்துத் திறந்து சுவைப்பேன். எங்களிடம் இருப்பது பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். ஆலையை விட்டுப் போன பிறகு மற்றது எங்கே நின்றது என்பதுதான் வித்தியாசம்.

நாற்றம் என்றால் முதலில் வெளிச்சத்தைத்தான் சந்தேகிப்பேன். பீருக்குக் கசப்பு தருவது ஹாப்ஸ் பூ. பீரிலேயே இருக்கும் ரைபோஃபிளேவின் என்ற வைட்டமின் (B2) வெளிச்சத்தை வாங்கிக்கொண்டு அந்தக் கசப்புப் பொருளை உடைக்கிறது. உடைந்த துண்டு கந்தகத்தோடு சேர்ந்து, ஸ்கங்க் என்ற விலங்கு பீய்ச்சும் நாற்றத்தை நினைவூட்டும் பொருளாகிறது. லிட்டருக்குச் சில நானோகிராம் இருந்தாலே மூக்கு கண்டுபிடித்துவிடும். நீல ஒளியும் புற ஊதாக் கதிரும்தான் இதற்குக் காரணம். பழுப்புக் கண்ணாடி அவற்றைப் பெருமளவு தடுக்கிறது. பச்சை பார்க்க அழகு, ஆனால் தடுப்பது கொஞ்சம்தான். நிறமில்லாத பாட்டிலுக்கு நேர் வெயிலில் சில நிமிடங்களே போதும். (வெளிச்சத்தைத் தாங்கும்படி மாற்றிய ஹாப்ஸ் சாற்றைச் சேர்ப்பவர்களும் உண்டு. அவர்கள் பீர் தப்பித்துவிடும்.) கடை விளக்கும் விட்டுவைக்காது, கொஞ்சம் நாள் எடுக்கும், அவ்வளவுதான்.

வெப்பம் செய்யும் வேலை மெதுவானது. எவ்வளவு கவனமாக நிரப்பினாலும் துளி ஆக்சிஜன் பாட்டிலுக்குள் தங்கிவிடும், மூடி வழியாகவும் மெல்ல நுழையும். சூட்டில் அது வேகமாக வேலை செய்யும். முதலில் ஹாப்ஸ் மணம் போகும், அப்புறம் நனைந்த அட்டையை மென்றது போன்ற சுவை வரும். எங்கள் தொழிலில் ஒரு தோராயக் கணக்கு உண்டு: 32 டிகிரி செல்சியஸில் 3 நாள், 22 டிகிரியில் 30 நாள், 3 டிகிரியில் 300 நாள், மூன்றும் பீரை ஏறத்தாழ ஒரே அளவு பழசாக்கும். மூடிய காரின் பின்புறம் பகலில் இருந்த பெட்டியை இந்தக் கணக்கில் வைத்துப் பாருங்கள்.

ஒருமுறை குளிர்ந்த பீர் வெளியே வந்தால் கெட்டுவிடும் என்று பலர் நம்புகிறார்கள். மாற்றம் மட்டுமே அதைக் கெடுத்துவிடாது. சூட்டில் எத்தனை மணி நேரம் இருந்தது என்பதுதான் கணக்கு. ஆனால் ஃப்ரீசரில் மறந்துவிடாதீர்கள். சாதாரண பீர் மைனஸ் 2, 3 டிகிரியிலேயே உறையத் தொடங்கும், பாட்டில் வெடிக்கலாம்.

படுக்க வைக்காமல் நிமிர்த்தி வையுங்கள். பாட்டிலுக்குள் காற்றோடு படும் பரப்பு குறையும், ஈஸ்ட் உள்ள வகைகளில் மண்டியும் அடியில் தங்கும். வண்டியில் குலுங்கி வந்ததைச் சில மணி நேரம் குளிரில் ஓய்வெடுக்க விட்டுத் திறந்தால் பொங்காது.

வாங்கும்போது நிரப்பிய தேதியைப் பாருங்கள், அலமாரியின் முன்வரிசையை விட மூடிய அட்டைப்பெட்டிக்குள் இருப்பதைக் கேளுங்கள். புகார் எழுத நேர்ந்தால் பாட்டில் எத்தனை நாள், எங்கே இருந்தது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். நான் முதலில் தேடுவது அந்த வரியைத்தான்.