சறுக்குமரத்துக்கு எதற்குப் பூட்டு?

மகளுக்கு மூன்று வயது நெருங்கியபோது அட்மிஷனுக்காக நானும் மனைவியும் ஏறி இறங்கிய ப்ளே ஸ்கூல்கள் மொத்தம் ஆறு. ஆறிலும் போர்டில் 'விளையாட்டு வழிக் கல்வி' என்று இருந்தது. ஒன்றில் வாசலிலேயே மஞ்சள் நிறத்தில் பெரிய சறுக்குமரம். கிட்டே போய்ப் பார்த்தால் ஏணிப்படிக்குக் குறுக்கே சங்கிலி, அதில் பூட்டு. "வெள்ளிக்கிழமை கடைசி பீரியடுக்குத் திறப்போம் சார்" என்றார் மிஸ்.

உள்ளே இருபத்தைந்து பிள்ளைகள் 'ஸ்டாண்டிங் லைன், ஸ்லீப்பிங் லைன்' போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு பையன் மட்டும் பென்சிலை மேஜை மேல் உருட்டிவிட்டு, விளிம்பில் நிற்கிறதா விழுகிறதா என்று பார்த்தான். விழுந்தது. எடுத்து மறுபடி உருட்டினான், இந்தத் தடவை கொஞ்சம் மெதுவாக. நின்றது. மூன்றாவது தடவைக்குக் கையை ஓங்கும்போது மிஸ் வந்து பென்சிலை அவன் விரலிடுக்கில் செருகி, நோட்டைத் தட்டிக் காட்டிவிட்டுப் போனார்.

அவன் செய்துகொண்டிருந்ததற்கு ஆய்வுக்கூடத்தில் 'பரிசோதனை' என்று பெயர். ஒன்றை மாற்றிப் பார்ப்பது, மற்றதை அப்படியே வைத்துக்கொள்வது, விளைவைக் கவனிப்பது. சின்னப் பிள்ளைகள் இதைத் தற்செயலாகச் செய்கிறார்களா, இல்லை தங்களுக்கு எது தெரியவில்லை என்று உணர்ந்தே செய்கிறார்களா? அமெரிக்காவின் எம்ஐடியைச் சேர்ந்த லாரா ஷூல்ஸும் எலிசபெத் பொனவிட்ஸும் 2007-ல் இதைச் சோதித்தார்கள். ஒரு பெட்டி, அதில் இரண்டு நெம்புகோல். அழுத்தினால் இரண்டு பொம்மைகள் மேலே எழும்பும். சில பிள்ளைகளுக்கு நெம்புகோல்களை ஒவ்வொன்றாக அழுத்திக் காட்டினார்கள். எது எந்தப் பொம்மையை எழுப்புகிறது என்பது தெளிவாகத் தெரிந்துவிட்டது. வேறு சிலருக்கு இரண்டையும் ஒரே நேரத்தில் அழுத்திக் காட்டினார்கள். இரண்டு பொம்மையும் எழும்பின, ஆனால் எது எதனால் என்பது தெரியவில்லை. அப்புறம் புதுப் பெட்டி ஒன்றைப் பக்கத்தில் வைத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டார்கள். முதல் கூட்டம் எதிர்பார்த்தபடி புதுப் பெட்டிக்குத் தாவியது. இரண்டாவது கூட்டம் பழைய பெட்டியை விடவில்லை. புதிர் அதில்தானே பாக்கி இருக்கிறது!

புதுப் பொம்மை என்றால் பிள்ளை எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓடும் என்பது நம் எண்ணம். புரியாதது பழைய பொம்மையில் இருந்தால், அங்கேயேதான் நிற்கிறது.

இதே குழு 2011-ல் வெளியிட்ட இன்னொரு சோதனை எல்லா ஆசிரியர்களையும் கொஞ்சம் உறுத்த வேண்டியது. குழாய்களை இணைத்து ஒரு விநோதப் பொம்மை செய்தார்கள். அதற்குள் நான்கு சங்கதிகள்: ஒன்றை இழுத்தால் கீச்சென்று கத்தும், ஒன்றில் விளக்கு எரியும், ஒன்று இசைக்கும், ஒரு குழாய்க்குள் கண்ணாடி ஒளிந்திருக்கும். சில பிள்ளைகளிடம், "இது எப்படி வேலை செய்கிறது என்று காட்டுகிறேன், பார்" என்று சொல்லி, கீச் சத்தத்தை மட்டும் காட்டினார்கள். வேறு சிலரிடம், தற்செயலாகக் கைபட்டுச் சத்தம் வந்ததுபோல நடித்தார்கள். பாடம் நடத்தப்பட்ட பிள்ளைகள் கீச் சத்தத்தையே திரும்பத் திரும்ப எழுப்பிவிட்டுச் சீக்கிரம் பொம்மையைக் கீழே வைத்துவிட்டார்கள். மற்றவர்கள் அதிக நேரம் குடைந்து, அதிகம் கண்டுபிடித்தார்கள்.

பிள்ளைகளின் தர்க்கத்தில் பிழை சொல்ல முடியாது. மிஸ்ஸுக்கு எல்லாம் தெரியும். மிஸ் காட்டியது ஒன்றுதான். அப்படியென்றால் இதில் இருப்பதே அந்த ஒன்றுதான்.

சரி, அப்படியானால் பிள்ளைகளை அவர்கள் பாட்டுக்கு விட்டுவிட்டால் போதுமா? நான் பார்த்த ஆறில் ஒன்று அப்படித்தான் இருந்தது. பெரிய ஹால், குவியலாகப் பிளாஸ்டிக் பொம்மைகள், ஓரத்தில் போன் பார்த்துக்கொண்டிருக்கும் இரண்டு ஆயாக்கள். "ஃப்ரீ ப்ளே சார்" என்றார்கள். அதுவும் போதாது. ஏன் என்பதற்கு முக்கோணம் நல்ல உதாரணம்.

நம் எல்கேஜி சுவர்களில் ஒட்டியிருக்கும் முக்கோணத்தை நினைத்துப் பாருங்கள். எப்போதும் கூரை மாதிரி, அடிப்பக்கம் தரையில் படிந்து, மூன்று பக்கமும் சமமாக. அதை மட்டுமே பார்த்து வளர்ந்த பிள்ளையிடம் சமோசாவைத் தலைகீழாகப் பிடித்துக் காட்டினால் முக்கோணம் இல்லை என்று சொல்லிவிடும். 2013-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், நான்கைந்து வயதுப் பிள்ளைகளை மூன்றாகப் பிரித்து வடிவங்களைப் பழக்கினார்கள். ஒரு குழுவுக்குப் பெரியவர் விளக்கினார், பிள்ளைகள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். இன்னொரு குழு வடிவங்களை வைத்து இஷ்டப்படி விளையாடியது. மூன்றாவது குழுவிடம், "இவற்றுக்குள் ஒரு ரகசியம் இருக்கிறது, நாம் துப்பறிவோம்" என்று ஆரம்பித்து, பெரியவர் கேள்வி கேட்கக் கேட்கப் பிள்ளைகளே தொட்டு எண்ணிக் கண்டுபிடித்தார்கள். ஒல்லியாக நீண்டு சாய்ந்துகிடக்கும் முக்கோணத்தையும் முக்கோணம் என்று அடையாளம் கண்டதில் மூன்றாவது குழுதான் முன்னால் நின்றது. ஒரு வாரம் கழித்துக் கேட்டபோதும் அதே கதை.

இப்படி, பிள்ளை ஓட்ட, பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்து வழி காட்டுவதை 'வழிகாட்டிய விளையாட்டு' என்கிறார்கள். இதைப் பற்றிய 39 ஆய்வுகளைக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தினர் அலசி 2022-ல் வெளியிட்டார்கள். ஆரம்பக் கணக்கு, வடிவ அறிவு, ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்கு மனதை மாற்றும் திறன் ஆகியவற்றில் நேரடிப் பாடத்தைவிட இது மேலாக இருந்தது.

நேரடிப் பாடத்தால் எளிதில் கொடுக்க முடியாத ஒன்று உண்டு: மனதை அடக்குவது. பகல் படத்தைக் காட்டினால் 'இரவு' என்றும், நிலாப் படத்தைக் காட்டினால் 'பகல்' என்றும் சொல்ல வேண்டும் என்று ஒரு விளையாட்டு. மூன்றரை வயதுப் பிள்ளைக்கு விதி நன்றாகப் புரியும். ஆனாலும் நிலாவைப் பார்த்ததும் வாய் 'இரவு' என்று முந்திக்கொள்ளும். வீட்டில் செய்து பார்த்தேன். மகள் சரியாக இரண்டு தடவை தாக்குப்பிடித்தாள், அப்புறம் தானே சிரித்துவிட்டாள். நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளைப்பகுதி மெல்ல மெல்ல முதிர்வதால் வரும் திறன் இது. "சும்மா உட்கார்" என்று அதட்டுவதால் வருவதில்லை.

எதனால் வரும் என்பதற்கு சோவியத் ஆய்வாளர் மனுய்லென்கோ 1948-ல் ஒரு குறிப்பு கொடுத்தார். பிள்ளைகளை அசையாமல் நிற்கச் சொன்னால் கொஞ்ச நேரம்தான் நிற்கிறார்கள். "நீதான் காவல்காரன், தொழிற்சாலையைக் காக்க வேண்டும்" என்று சொன்னால் வெகுநேரம் நிற்கிறார்கள். நம் வீட்டுப் பஸ் விளையாட்டிலும் இதுதான். கண்டக்டராக இருப்பவன் ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது. தொட ஆசை பொங்கும், ஆனால் தொட்டால் ஆட்டம் கெட்டுவிடும். யாரும் அதட்டாமல் அவனே கையை இழுத்துக்கொள்கிறான். சொப்புச் சாமானில் சோறாக்கி, மணலைப் பரிமாறி, "சூடா இருக்கு, ஊதிச் சாப்பிடுங்க" என்று சொல்லும் பிள்ளையும் இதே பயிற்சியில்தான் இருக்கிறாள்.

கை விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஸ்டாண்டிங் லைன் என்னை விடமாட்டேன் என்கிறது. மூன்று வயதுப் பிள்ளையின் மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்தால் எட்டு எலும்புகளில் பொதுவாக மூன்று நான்குதான் தெரியும். மற்றவை இன்னும் குருத்தெலும்புதான். எலும்பு முற்றாததால் எழுதவே கூடாது என்று வாட்ஸப்பில் சுற்றுவது மிகை. பென்சில் பிடிப்புக்கு முக்கியமானது விரல்களைத் தனித்தனியாக ஆட்டுவிக்கும் கட்டுப்பாடு. அது மாவு உருட்டுவதிலும், ஊசி இல்லாமல் மணி கோப்பதிலும், துணி கிளிப்பை அமுக்கித் திறப்பதிலும் வளர்கிறது. எண்ணுக்கும் இப்படி ஓர் எளிய வழி உண்டு. ஒன்று முதல் பத்து வரை வரிசையாகக் கட்டம் போட்ட பலகையில் காய் நகர்த்தி விளையாடிய நான்கு வயதுப் பிள்ளைகள், 15 நிமிட ஆட்டம் நான்கு முடிவதற்குள் எந்த எண் எங்கே உட்காரும் என்பதில் தெளிவாக முன்னேறியதை ராபர்ட் சீக்லரும் கீதா ரமணியும் 2008-ல் காட்டினார்கள். நம் பாட்டிகளிடம் பரமபதம் இருந்தது. கட்டம் ஏராளம், கூடவே பாம்பு.

இதையெல்லாம் சொன்னால் என் மாமியார் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "மத்த பிள்ளைங்க ஏபிசிடி எழுதும்போது இவ பின்தங்கிட்டா?" நியாயமான பயம். அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் அரசு நடத்தும் ப்ரீகேஜி திட்டத்தில் குலுக்கலில் இடம் கிடைத்தவர்களையும் கிடைக்காதவர்களையும் ஒப்பிட்டு, கிட்டத்தட்ட 3,000 பிள்ளைகளை ஆறாம் வகுப்பு வரை பின்தொடர்ந்தார்கள். ஆரம்பத்தில் திட்டப் பிள்ளைகளே முன்னால். ஆறாம் வகுப்பில் அவர்கள் தேர்வு மதிப்பெண்ணில் பின்தங்கி, ஒழுங்குப் பிரச்சினைகளிலும் அதிகம் சிக்கியிருந்தார்கள். 2022-ல் வந்த இந்த முடிவுக்குக் காரணம் இதுதான் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் ஆய்வை நடத்தியவர்களில் ஒருவரான டேல் ஃபாரன் சுட்டிக்காட்டியவை, மொத்த வகுப்பையும் உட்காரவைத்து நடத்தும் பாடமும், வரிசையில் காத்திருந்தே கழியும் நேரமும்.

நம்மூருக்கு இதைவிடப் பொருத்தமான சேதி நம்மூரிலேயே இருக்கிறது. தமிழ்நாட்டில் நான்கு மாவட்டங்களில் 320 அங்கன்வாடிகளை எடுத்துக்கொண்டு, சிலவற்றில் மட்டும் அரை நாள் வேலைக்குக் கூடுதலாக ஒரு பணியாளரை நியமித்தார்கள். கார்த்திக் முரளிதரன் உள்ளிட்ட பொருளாதார அறிஞர்கள் நடத்திய ஆய்வு இது. முன்பருவக் கல்விக்குக் கிடைத்த நேரம் இரட்டிப்பானது. ஒன்றரை ஆண்டில் பிள்ளைகள் கணக்கிலும் மொழியிலும் தெளிவாக முன்னேறினார்கள். வளர்ச்சி குன்றியவர்களின் விகிதமும் குறைந்தது. கட்டடம் மாறவில்லை. பிள்ளைகளோடு உட்கார ஒரு ஆள் கூடினார், அவ்வளவுதான். அங்கன்வாடிகளின் பாடத்திட்டத்துக்குப் பெயரே 'ஆடிப்பாடி விளையாடு பாப்பா'. பால்வாடி என்றாலே முகம் சுளிக்கும் நாம், அதே சொற்களை ஆங்கிலத்தில் எழுதிய போர்டுக்கு வருஷம் அறுபதாயிரம் கட்டுகிறோம்.

போர்டு என்றதும் மாண்டிசோரி நினைவுக்கு வருகிறது. இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி 1939-ல் சென்னை அடையாறுக்கு வந்து, இரண்டாம் உலகப் போரில் மாட்டிக்கொண்டு, கொடைக்கானலிலும் தங்கியிருந்தவர். பிள்ளைகள் செய்வதை அவர் விளையாட்டு என்று சொல்லவில்லை, 'வேலை' என்றார். அவர் முறையில் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு பயன்பாடு உண்டு. பஸ் விளையாட்டுக்கு அங்கே பெரிய இடமில்லை. நல்ல முறைதான், ஆனால் வேறு முறை. ஒரே போர்டில் இரண்டையும் எழுதியிருந்தால், என்ன அர்த்தத்தில் எழுதினார்கள் என்று கேளுங்கள்.

என்னைக் கேட்டால், பிரின்ஸிபால் அறையில் உட்காருவதைவிட வகுப்பின் மூலையில் அரை மணி நேரம் உட்கார அனுமதி கேட்பேன். மறுத்தால் அதுவே பதில். சுவரில் இருபத்தைந்து ஆப்பிள்களும் ஒரே சிவப்பில், கோட்டைத் தாண்டாமல் இருந்தால், அவற்றைச் செய்தது மிஸ்தான். மணல், தண்ணீர், மரக்கட்டை, பழைய சேலைத்துண்டு மாதிரி எதுவாகவும் ஆகக்கூடிய பொருள்கள் பிள்ளைகள் கைக்கெட்டும் உயரத்தில் இருக்கின்றனவா பாருங்கள். பட்டனை அமுக்கினால் பாடும் பொம்மையில் பிள்ளை செய்ய ஒன்றும் இல்லை. மிஸ் கேட்கும் கேள்விகளைக் கவனியுங்கள். "இது என்ன கலர்?" என்பதற்கு விடை ஒரு சொல். "கவிழ்த்தா என்ன ஆகும்?" என்றால் பிள்ளை செய்து பார்த்தாக வேண்டும். பிள்ளை தமிழில் கேட்டால் தமிழில் பதில் வருகிறதா? பாதி புரியும் மொழியில் பஸ் விளையாட்டு ஓடாது. மூன்றிலிருந்து ஆறு வயதுக்கு 20 பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர் என்று முன்பருவக் கல்விக்கான 2013-ன் தேசியக் கொள்கை சொல்கிறது. கழிவறை, கேட், சிசிடிவி எல்லாம் நீங்களே பார்த்துக்கொள்வீர்கள்.

நாங்கள் சேர்த்த இடத்தில் சறுக்குமரமே இல்லை. புங்கமரத்தடியில் ஒரு தண்ணீர்த் தொட்டி, அதைச் சுற்றி ஆணியால் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் டம்ளர்கள். நாங்கள் பார்க்கப் போன அன்று ஒரு சிறுமி டம்ளரில் மொண்டு, மேல் ஓட்டை, நடு ஓட்டை, கீழ் ஓட்டை மூன்றிலிருந்தும் நீர் பீய்ச்சுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். மிஸ் வெகுநேரம் ஒன்றும் பேசாமல் குந்தியிருந்தார். அப்புறம் மெல்ல, "எது ரொம்பத் தூரம் போகுது?" என்றார்.

சேர்த்த முதல் வாரம், சட்டை நனைந்து வந்த மகளிடம் வழக்கம்போல, "இன்னைக்கு என்னம்மா படிச்சே?" என்று கேட்டுவிட்டேன்.

"ஒண்ணும் படிக்கலப்பா. ஒரு கையால டம்ளரைப் பிடிச்சா மூணு ஓட்டையையும் அடைக்க முடியல. ரெண்டு பேர் வேணும்."