ஜோனிங்: வலயம் வகுத்தல்

கடல் பாதுகாப்புப் பற்றிய தமிழ் அறிக்கைகளில் ‘மண்டலமாக்கல்’ என்ற சொல் அடிக்கடி வருகிறது. ஒரு பரப்பைத் துண்டுகளாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் விதி போடுவதைக் குறிக்கும் ‘ஜோனிங்’ (zoning) என்ற ஆங்கிலச் சொல்லுக்கு யாரோ அவசரத்தில் போட்ட பெயர். இதைப் படிக்கும் மீனவருக்கு, தான் நாளை எங்கே வலை போடலாம், எங்கே போடக்கூடாது என்பதைத்தான் இந்தச் சொல் தீர்மானிக்கிறது என்று புரியுமா? புரியாது. அதனால்தான் இந்தச் சொல்லைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

‘ஜோன்’ கிரேக்கச் சொல். ஸோனே என்றால் இடுப்பில் கட்டும் கச்சை. பூமியைச் சுற்றிக் கச்சை கட்டியதுபோல வெப்பப் பட்டை, குளிர்ப் பட்டை என்று பழைய கிரேக்கப் புவியியலாளர்கள் பிரித்தார்கள். அப்படித்தான் உடுப்புச் சொல் நிலத்துக்கு வந்தது. லத்தீன் வழியே ஐரோப்பாவெங்கும் பரவி, பின்னர் நகரத் திட்டக்காரர்கள் கைக்குப் போனது. குடியிருப்பு இங்கே, ஆலை அங்கே என்று நகரம் முழுவதற்கும் விதி போட்ட நியூயார்க்கின் 1916 சட்டம் இதில் பேர்போனது.

தமிழில் நமக்கு இரண்டு சொற்கள் இருக்கின்றன. தமிழ்நாட்டில் மண்டலம்: ரயில்வே மண்டலம், மாநகராட்சி மண்டலம். இலங்கையில் வலயம்: கல்வி வலயம், உயர் பாதுகாப்பு வலயம். எனக்கு வலயமே பிடிக்கிறது. வலயம் என்றால் கைவளை, சுற்றுவட்டம். கிரேக்கருக்கு இடுப்புக் கச்சை, நமக்குக் கைவளை. இரண்டும் உடம்பைச் சுற்றி வருபவை. மண்டலத்துக்கோ சோழமண்டலம் முதல் 48 நாள் விரதம் வரை ஏற்கெனவே நிறைய வேலை இருக்கிறது.

சரி, ஜோன் என்பது வலயம். ஜோனிங்? ‘வலயமாக்கல்’ என்று ஒட்டுப்போட வேண்டாம். ‘வகு’ என்று நல்ல வினை ஒன்று இருக்கிறது. கணக்கில் வகுத்தல் என்றால் பிரிப்பது. விதி வகுத்தல், வழி வகுத்தல் என்னும்போது அதுவே ஏற்படுத்துவது. பரப்பைப் பிரிப்பதும், பிரித்த ஒவ்வொரு துண்டுக்கும் விதி ஏற்படுத்துவதும் சேர்ந்ததுதான் ஜோனிங். அந்த இரண்டையும் ஒரே சொல்லில் சொல்லும் வினை நம்மிடம் இருக்கும்போது வேறெங்கே தேடுவது? ‘வலய வகுப்பு’ என்று பெயர்ச்சொல்லாக்கினால் பள்ளிக்கூட வாசனை வந்துவிடும். வலயம் வகுத்தல் என்றே இருக்கட்டும்.

இது கடலில் எப்படி நடக்கிறது என்பதற்கு ஆஸ்திரேலியாவின் பெரும் பவளத்திட்டை (கிரேட் பேரியர் ரீஃப்) பார்க்கலாம். 1975 சட்டத்தால் உருவான கடல் பூங்கா அது. பரப்பு சுமார் 3,44,400 சதுர கிலோமீட்டர். 2004 ஜூலை 1-ஆம் தேதி அதன் வலயங்கள் முழுவதும் புதிதாக வகுக்கப்பட்டன. மீனோ வேறெதுவுமோ எடுக்கக்கூடாத பகுதி 5 சதவீதத்துக்கும் குறைவாக இருந்தது, 33 சதவீதமாயிற்று. வரைபடத்தில் ஒவ்வொரு வலயத்துக்கும் ஒரு நிறம். வெளிர்நீலத்தில் இழுவலை போடலாம். அடர்நீலத்தில் இழுவலை கூடாது, தூண்டில் போடலாம். மஞ்சளில் ஆளுக்கு ஒரு தூண்டில், ஒரு முள். பச்சையில் எதையும் பிடிக்கக்கூடாது. ஆனால் படகில் போகலாம், நீந்தலாம், பவளம் பார்க்கலாம். அனுமதி இல்லாமல் நுழையவே கூடாத இடம் இளஞ்சிவப்பு.

மொழிபெயர்ப்பு இங்கேதான் சறுக்குகிறது. பச்சை, இளஞ்சிவப்பு இரண்டையுமே ‘தடைசெய்யப்பட்ட பகுதி’ என்று எழுதிவிடுகிறோம். எடுக்கக்கூடாத இடம் வேறு, நுழையக்கூடாத இடம் வேறு. பச்சையை ‘எடுப்பில்லா வலயம்’ என்றும், இளஞ்சிவப்பை ‘நுழைவில்லா வலயம்’ என்றும் சொன்னால் போதும். கரைக்குப் போகும் குறுக்கு வழி தன் ஊருக்கு அடைபட்டுப்போகும் என்று ஒருவர் வீணாகப் பயப்பட வேண்டியதில்லை.

இன்னொரு விஷயம் எல்லைக்கோடு. கடலில் வேலியும் கிடையாது, வரப்பும் கிடையாது. திட்டின் விளிம்பிலிருந்து இத்தனை மீட்டர் என்று எல்லை சொன்னால், தண்ணீருக்கடியில் விளிம்பு எங்கே தொடங்குகிறது என்பதிலேயே சண்டை வரும். அதனால் 2004-இல் வகுத்தபோது ஆழ்கடல் எல்லைகளைப் பெரும்பாலும் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களைக் கொண்ட நேர்கோடுகளாகவே போட்டார்கள். படகில் ஜிபிஎஸ் இருந்தால் கோட்டைப் பார்த்துவிடலாம். நம் குமரிக்கடல் மீனவர்கள் கரையிலுள்ள மலையையும் கோபுரத்தையும் நேர்வைத்து, ‘பார்’ எனப்படும் கடலடிப் பாறைத்திட்டு இருக்கும் இடத்தைக் குறிப்பார்களே, கணியம் என்று, அதே வேலைதான்.

அடுத்தது ‘கம்யூனிட்டி இன்புட்’. இதைச் ‘சமூக உள்ளீடு’ என்று எழுதுவது தவறு. உள்ளீடு கணினிக்குப் போடுவது. கருத்துக்கேட்பு என்பதுதான் சரியான சொல், அதன் பலம் ‘கேள்’ என்ற வினையில் இருக்கிறது. கேட்பது என்றால் வினவுவது, காதில் வாங்குவது, அப்புறம் சொன்னபடி நடப்பது. ‘சொன்னால் கேள்’ என்று அம்மா சொல்வது அந்த மூன்றாவது பொருளில்தான். பவளத்திட்டில் இரண்டு சுற்றாகக் கருத்துக் கேட்டபோது 31,000-க்கும் மேற்பட்ட கருத்துகள் எழுத்து மூலம் வந்தன. 2003-இல் வெளியிட்ட வரைவின் எல்லைகள் பல இடங்களில் அதற்குப் பிறகு நகர்ந்தன. தொழில் பாதிக்கப்பட்டவர்களுக்காக 20 கோடி ஆஸ்திரேலிய டாலருக்கு மேல் செலவழிக்கவும் நேர்ந்தது. கூட்டம் போட்டு வருகைப் பதிவேட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, வரைவை அப்படியே அச்சுக்கு அனுப்பினால் அது கேட்பு ஆகாது.

இந்த வேலை நமக்குப் புதிதும் அல்ல. பழவேற்காடு ஏரியில் ‘பாடு’ என்று ஒரு முறை உண்டு. எந்தக் குழு எந்த நாளில் எந்த இடத்தில் வலை கட்டலாம் என்று சீட்டுப் போட்டு முறைவைத்துக்கொள்வார்கள். இடமும் பாடு, முறையும் பாடு, கிடைப்பது மீன்பாடு. அதைப் புகழ்வதோடு நிறுத்தக்கூடாது. அந்த உரிமை குறிப்பிட்ட ஊர்களுக்கும் சமூகத்துக்கும் மட்டுமே இருந்தது, மற்றவர்கள் வெளியே நின்றார்கள். யாரைக் கேட்பது என்ற கேள்வி அங்கேயும் இருந்தது.

மன்னார் வளைகுடாவில் 1986-இல் 21 தீவுகளைச் சுற்றித் தேசியப் பூங்கா வந்தபோது, அங்கே பாசி எடுத்துப் பிழைத்த பெண்களின் கடல் பூங்காவுக்குள் போய்விட்டது. பின்னாளில் அந்தப் பெண்களே அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டி மாதத்தில் 12 நாள் மட்டும் பாசிக்குப் போவது என்று தங்களுக்குள் கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். கடலை இடத்தால் மட்டுமல்ல, நாளாலும் வகுக்கலாம். அவர்கள் அதைச் செய்தார்கள். கருத்துக்கேட்பில் முதல் வரிசை நாற்காலி அவர்களுடையது.

ஆகவே, அறிவிப்பு எழுதுபவர்களுக்கு: ‘கடல்சார் பாதுகாக்கப்பட்ட பகுதி மண்டலமாக்கல் ஒழுங்குமுறைகள் மறுபரிசீலனை தொடர்பான சமூக உள்ளீடு’ வேண்டாம். ‘கடல் பூங்காவின் வலய விதிகளைத் திருத்தப்போகிறோம். எந்த இடத்தில் என்ன விதி வேண்டும், உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்’ என்று எழுதுங்கள். கீழே தேதி, இடம், நேரம். படகுகள் கரைக்கு வந்து மீன் ஏலம் முடிந்த பிறகான நேரம்.